இலக்கியச் சொற்களோடு பழகுவோம்

எஸ்.பி.எம். தேர்வுக்குத் தமிழ் இலக்கியம் எடுக்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி சொல்வது இது: "கதை புரியுது சார், கேள்விதான் புரியல." கேள்வியில் வரும் கலைச்சொல் பிடிபடாததுதான் காரணம். விடை தெரிந்தும் புள்ளி போய்விடுகிறது.

முதலில் கருப்பொருள். இதைக் கேட்டால் பாதிப்பேர் கதைச்சுருக்கத்தை எழுதிவிடுகிறார்கள். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம் பட்டணத்தில் வீடு தேடி அலைகிறது என்பது கதை. பிறந்த மண்ணை இழந்தவர்களின் தவிப்பு என்பது கருப்பொருள். பாத்திரத்தின் பெயரைப் போடாமல் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

ஆனால் சங்கப் பாடலுக்குப் போனால் இதே சொல் வேறு வேலை செய்யும். தொல்காப்பியத்தில் கருப்பொருள் என்றால் ஒரு நிலத்துக்கு உரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் போன்றவை. பாட்டின் உணர்வுக்குப் பெயர் உரிப்பொருள். "அப்படின்னா நம்ம முருகன் குறிஞ்சி நிலத்துக் கருப்பொருளா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். ஆமாம், அதேதான்! அன்றிலிருந்து அந்த வகுப்பில் யாரும் இதில் தடுமாறியதில்லை.

அடுத்து, உவமையும் உருவகமும். தைப்பூசத்தன்று பத்துமலையில் 'கடல் போன்ற கூட்டம்' என்றால் உவமை. இதில் கூட்டம் உவமேயம், கடல் உவமானம், 'போன்ற' உவம உருபு. பரப்பு இரண்டுக்கும் பொதுத்தன்மை. 'மனிதக் கடல்' என்று சொல்லிவிட்டால் உருவகம். ஒப்பிடுவது போய் இரண்டும் ஒன்றாகிவிட்டன. மலர்முகம், முகமலர் என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். முதலாவது உவமை, இரண்டாவது உருவகம்.

பிள்ளைகள் பயப்படும் பெயர் தற்குறிப்பேற்ற அணி. பெயர்தான் நீளம். இயல்பாக நடக்கும் ஒன்றின்மேல் புலவர் தம் கருத்தை ஏற்றிச் சொல்வது, அவ்வளவுதான். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் கொடிகள் காற்றில் ஆடுகின்றன. கொடி என்றால் ஆடத்தான் செய்யும். ஆனால் இளங்கோவடிகளோ, 'வராதீர்கள்' என்று அவை கைகாட்டித் தடுப்பது போலப் பாடுகிறார். உள்ளே என்ன காத்திருக்கிறது என்று நமக்குத் தெரியும், அந்த இருவருக்கும் தெரியாது. தேர்வில் அணியின் பெயரை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். இந்த இடத்தில் அது என்ன செய்கிறது என்றும் இரண்டு வரி எழுதுங்கள்.

எதுகை, மோனை பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். முதலெழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை, இறுதி ஒன்றினால் இயைபு. தேவார வகுப்புக்குப் போகிறவர்களின் காதுக்கு இவை ஏற்கெனவே பழக்கம்.

அந்தாதி மட்டும் பாக்கி. ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாக வருவது அது. அந்தம் என்றால் முடிவு, ஆதி என்றால் தொடக்கம். அபிராமி அந்தாதியில் நூறாவது பாட்டின் முடிவு மறுபடியும் முதல் பாட்டின் தொடக்கத்தோடு சேர்ந்துகொள்ளும். இதை மண்டலித்தல் என்பார்கள். ஏடில்லாமல் மனப்பாடமாக ஓதியவர்களுக்கு இது பெரிய துணை. அடுத்த பாட்டு மறந்தால் வாயிலிருக்கும் கடைசிச் சொல்லே அதை எடுத்துக் கொடுக்கும். வெள்ளிக்கிழமை கோயிலில் பாடும்போது கவனித்துப் பாருங்கள்.