இலை போலிருந்தால் இலையாகிவிடுமா?

குப்பம் என்றால் வலை காயும், கட்டுமரம் கிடக்கும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை அம்மையார்குப்பம் வந்து பார்க்கலாம். திருத்தணிப் பக்கம், ஆந்திர எல்லையோரம். இங்கே கேட்பது தறிச் சத்தம்தான். பெயரை நம்பி ஏமாறுவது கடல் விஷயத்திலும் நடக்கிறது.

ஓடில்லாக் கடல் நத்தை என்று பேச்செடுத்தால், "கடல் அட்டைதானே?" என்பார்கள். மன்னார் வளைகுடாவில் பிடிக்கத் தடையுள்ள கடல் அட்டை, நட்சத்திர மீனுக்குச் சொந்தம். நான் சொல்வது நத்தைக்குப் பங்காளி: பாசிச் சாறு குடிக்கும் சாகோகுளோசா. பிரையாப்சிஸ் போன்ற பாசியின் இழைக்குள் குறுக்குச் சுவர்களே கிடையாது. நுங்கில் விரலை விட்டு உறிஞ்சுகிற மாதிரி, ஒற்றைப் பல்லால் ஓரிடத்தில் குத்தினால் போதும், சாறு வந்துவிடும். தேய்ந்த பல்லையும் பல இனங்கள் எறிவதில்லை. உள்ளே ஒரு பையில் சேர்த்து வைக்கும். கஞ்சத்தனம்தான்!

ஓடே இல்லாத கூட்டம் என்பதும் முழு உண்மையில்லை. சிப்பி போல இரட்டை ஓடு கொண்டவையும் இதில் உண்டு. ஓட்டை மட்டும் பார்த்துச் சிப்பி என்றே வைத்திருந்தார்கள். 1959இல் ஜப்பானில் கவகுதியும் பாபாவும் உயிருள்ள ஒன்றை விவரித்தபோதுதான் உள்ளே இருப்பது நத்தை என்று தெரிந்தது.

பெரிய கதை வெயில் கதை. 'சூரிய ஒளியிலேயே வாழும் விலங்கு' என்று எத்தனை துணுக்குகள்! பாதி உண்மை. உறிஞ்சிய பாசியின் பசுங்கணிகங்களை எலிசியா போன்ற சாகோகுளோசாக்கள் செரிக்காமல் உடலில் வைத்துக்கொள்கின்றன. பச்சை நிறம் அந்தத் திருட்டுச் சொத்து. பாசியின் மரபணுவையே ஓர் எலிசியா கவர்ந்துவிட்டது என்று 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2013இல் அதன் முட்டைகளின் டி.என்.ஏ.வை அலசியபோது அப்படி எதுவும் அகப்படவில்லை. மறு வருடம் இரண்டு இனங்களை வாரக்கணக்கில் இருட்டில் பட்டினி போட்டுப் பார்த்தார்கள். பிழைத்துக் கிடந்தன. ஆனால் வெளிச்சத்துக்குப் பயனே இல்லை என்றும் சொல்ல முடியாது. வெளிச்சத்தில் வைத்த எலிசியா டிமிடா கூடுதலாக முட்டையிட்டதை 2021இல் கண்டார்கள்.

இவற்றை வகைப்படுத்துவது லேசான வேலையில்லை. சாராயத்தில் போட்டால் நிறம் போய்ச் சுருங்கி, எல்லாம் ஒரே வதங்கல். உயிரோடு பார்த்து வரைந்த படம்தான் சாட்சி. இலங்கையில் பிறந்த ராணுவ மருத்துவர் கெலார்ட் திருகோணமலைப் பக்கம் அப்படித்தான் வரைந்தார். 1858இல் எலிசியா கிராண்டிஃபோலியாவுக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். பெயரின் பொருள் 'பேரிலை'. அப்பெயரை வைத்த கட்டுரையின் தலைப்போ நுடிபிராங்குகள் என்கிறது. அது வேறொரு கடல் நத்தைக் கூட்டம். சாகோகுளோசா என்ற பிரிவுக்குப் பெயரே 1876இல்தான் வந்தது, அவரைக் குறைசொல்ல முடியாது. 1860இல் இங்கிலாந்து போகும் வழியில் கப்பலிலேயே இறந்தார். படங்கள் நியூகாசில் அருங்காட்சியகம் சேர்ந்தன. பின்னாளில் இந்து, பௌத்த சமயங்களைப் பற்றி மூன்று தொகுதிகள் எழுதிய சார்லஸ் எலியட், 1906இல் அந்தப் படங்களை வைத்துக்கொண்டு கெலார்ட்டின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.