குளங்களுக்கு நீர் வந்த செய்தி: நம்பிக்கை குறித்து ஒரு பாடம்

மருத்துவமனையின் இரவு நீளமானது. நோயர் கண்ணயர்ந்த பின், அருகில் அமர்ந்திருப்பவர் கைப்பேசியை எடுக்கிறார். விபத்து, வன்முறை, விலையேற்றம், எங்கோ நடக்கும் போர் என்று செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஏற்கெனவே கனத்திருக்கும் மனம் மேலும் கனக்கிறது. விடிந்ததும் நோயர் கேட்கிறார்: "எனக்குச் சரியாயிருமா?" விடை சொல்ல வேண்டியவரின் நெஞ்சில் அப்போது சொல்வதற்கு எதுவும் இருப்பதில்லை.

அந்த இருப்பை எங்கிருந்து சேர்ப்பது என்பதே இப்பாடத்தின் பொருள். கடினமான ஒரு நிலை மாறக்கூடும் என்பதற்குச் சான்று கண்டு, நம் பங்கைத் தொடர்ந்து செய்வதையே இங்கு நம்பிக்கை என்கிறோம். அத்தகைய சான்றுகள் நம் திருப்பூர் வட்டாரத்திலேயே கிடைக்கின்றன. மூன்றை எடுத்துக்கொள்வோம்.

முதற்சான்று: அத்திக்கடவு–அவினாசித் திட்டம்

அவினாசி, அன்னூர், பெருந்துறைப் பகுதிகளின் வறட்சியை நம்மில் பலர் நேரில் அறிவோம். ஆயிரம் அடியைத் தாண்டியும் ஆழ்குழாய்க் கிணறு தோண்டி, நீர் காணாமல் கடனோடு திரும்பிய உழவர் குடும்பங்கள் உண்டு. தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் வேலைக்கு வந்தவர்களில், காடு காய்ந்ததால் வந்தவர்களும் இருக்கிறார்கள்.

பவானி ஆற்றின் உபரிநீரை இப்பகுதிக் குளங்களுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கை அறுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. தேர்தல்தோறும் அது பேசப்பட்டது. 2016 பிப்ரவரியில் அவினாசியில் மக்கள் உண்ணாநிலைப் போராட்டம் நடத்தினார்கள். 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2024 ஆகஸ்ட் 17 அன்று திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே எடுக்கப்படும் நீர், ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாகக் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் உள்ள 1,045 ஏரி, குளம், குட்டைகளுக்குச் செலுத்தப்படுகிறது. ஆண்டுக்கு ஒன்றரை டி.எம்.சி. நீர் இதற்கென ஒதுக்கப்பட்டுள்ளது. குளத்தில் நின்று மண்ணுள் இறங்கும் நீர் சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கு ஊறுகிறது.

இச்செய்தியில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அடிக்கல் நாட்டிய ஆட்சி ஒரு கட்சியினுடையது. தொடங்கிவைத்த ஆட்சி மற்றொரு கட்சியினுடையது. பெருமை யாருக்கு என்று வார்டில் வாக்குவாதம் எழலாம். ஆனால் ஒருவர் தொடங்கியதை மற்றவர் கைவிடாமல் முடித்தார் என்பதே நமக்கு உதவும் செய்தி. இரண்டாவது, தொடக்கத்தில் மக்கள் எண்ணியிருந்த வழி வேறு. மேற்கே மலைப்பக்கத்திலிருந்து வாய்க்கால் மூலம் நீர் தானாக இறங்கி வர வேண்டும் என்பதே பழைய கருத்து. இறுதியில் வந்ததோ, ஆற்றின் கீழ்ப்பகுதியில் நீரை எடுத்துக் குழாய் வழியே மேலேற்றும் திட்டம். வழி மாறியது, நோக்கம் மாறவில்லை. சிகிச்சையின் நடுவில் மருத்துவர் மருந்தை மாற்றும்போது, "முதல் மருந்து தோற்றுவிட்டதே" என்று கலங்குபவர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

இரண்டாம் சான்று: நஞ்சராயன் குளம்

அதே வாரத்தில், 2024 ஆகஸ்ட் 14 அன்று, மற்றொரு செய்தி வந்தது. ஊத்துக்குளி சாலைப் பக்கமுள்ள நஞ்சராயன் குளம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது. 1971 ஆம் ஆண்டு ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் உருவான உடன்படிக்கையின்படி பேணப்படும் பட்டியல் அது. விழுப்புரம் மாவட்டத்துக் கழுவெளியும் அன்றே அதில் சேர்ந்தது. நஞ்சராயன் குளம் அதற்கு முன்பே தமிழ்நாட்டின் 17 ஆவது பறவைகள் சரணாலயம் என அறிவிக்கப்பட்டிருந்தது.

பல நூற்றாண்டுகளுக்கு முன் அக்குளத்தைச் சீர்செய்த மன்னரின் பெயரே அதற்கு வழங்கி வருகிறது. அதாவது, பழுதுபட்ட ஒன்றைச் செப்பனிட்டவரின் பெயரால் நாம் இன்றும் அதை அழைக்கிறோம். தொழிற்கூடங்களும் குடியிருப்புகளும் நெருங்கி நிற்கும் நகரத்தின் ஓரத்தில், குளிர்காலந்தோறும் தொலைதூரத்திலிருந்து பறவைகள் வந்து தங்குகின்றன. நகரையொட்டிய குளமாதலால் கழிவுநீரும் குப்பையும் அதற்கு இன்றும் அச்சுறுத்தலே. ஆயினும் பறவைகள் வருகின்றன. குறை முழுவதும் நீங்கிய பிறகுதான் நன்மை தொடங்கும் என்பதில்லை.

மூன்றாம் சான்று: நொய்யல்

இச்சான்று சற்றுக் கசப்பானது. சாயப்பட்டறைக் கழிவுநீரால் நொய்யல் நிறம் மாறி ஓடியதை இந்த ஊர் கண்டது. கீழ்ப்பகுதி உழவர்களின் கிணறுகள் உப்பேறின. அவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத முறையைக் கைக்கொள்ளும் வரை சாய, சலவை ஆலைகளை மூடுமாறு ஆணையிட்டது. ஆறு காக்கப்பட வேண்டியதுதான். ஆனால் அந்நாளில் வேலை இழந்த சாயப்பட்டறைத் தொழிலாளியின் வீட்டில் அது நல்ல செய்தியாக இருந்திருக்க இயலாது. பலர் ஊரை விட்டுச் சென்றார்கள்.

பின்னர் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் படிப்படியாகச் சீரமைக்கப்பட்டன. சாயநீர் முதலில் நுண்ணுயிர்களால் தூய்மையாக்கப்படுகிறது, பின் 'ஆர்.ஓ.' எனப்படும் மென்சவ்வு வழியே அழுத்திச் செலுத்தப்படுகிறது. வடிந்த நீர் மீண்டும் சாயமேற்றவே பயன்படுகிறது. எஞ்சிய உப்புநீர் ஆவியாக்கப்பட்டு, உப்பும் மீட்கப்படுகிறது. டயாலிசிஸ் பிரிவுகளில் நோயருக்கான நீரைத் தூய்மையாக்குவதும் இதே மென்சவ்வு முறைதான். உப்பேறிய பழைய நிலங்கள் முழுமையாக மீள இன்னும் காலம் வேண்டும். ஆனால் "சாயத்தொழில் இருந்தால் இப்படித்தான் இருக்கும்" என்று ஒரு காலத்தில் கைவிரிக்கப்பட்ட சிக்கலுக்கு இன்று ஒரு செய்முறை இருக்கிறது.

செய்தியிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

மூன்று சான்றுகளையும் ஒருசேரப் பார்த்தால், மெய்யான நல்ல செய்திக்குரிய இயல்புகள் புலப்படும். அவற்றை மூன்று கேள்விகளாக அமைத்துக்கொள்ளலாம்.

ஒன்று: இதற்கு எத்தனை காலம் ஆயிற்று? மெய்யான மாற்றத்திற்குப் பின்னால் ஒரு காத்திருப்பு இருக்கும்.

இரண்டு: இதில் எத்தனை கைகள் சேர்ந்தன? கோரிக்கை வைத்தவர், வழக்காடியவர், திட்டம் வரைந்தவர், குழாய் பதித்தவர் என்று பலர் இருப்பார்கள்.

மூன்று: இன்னும் எஞ்சியிருப்பது என்ன? மெய்யான செய்தி தன் குறையை மறைக்காது. அத்திக்கடவுத் திட்டத்தில் விடுபட்ட குட்டைகளையும் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை தொடர்கிறது. அதனால் வந்த நீர் வராததாகிவிடாது.

இக்கேள்விகளுக்கு நோயர் குடும்பங்களில் மற்றொரு பயனும் உண்டு. "இந்தச் சாறு குடித்தால் சர்க்கரை நோய் ஏழே நாளில் போய்விடும்", "இந்த இலை புற்றுநோயை வேரோடு அழிக்கும்" என்று வாட்ஸ்அப்பில் வருபவையும் நல்ல செய்தி போலவே தோன்றும். அவற்றிடம் மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். காலம்: ஏழு நாள். கைகள்: ஒருவரும் இல்லை. எஞ்சியது: ஒன்றுமில்லை, முழுக்குணம். இவ்வாறு விடை வந்தால் ஐயம் கொள்ளுங்கள். அதை நம்பி இன்சுலினையோ மாத்திரையையோ நிறுத்துவது உயிருக்கே கேடாகலாம். எந்த மருந்தையும் நிறுத்துமுன் உங்கள் மருத்துவரிடம் அச்செய்தியைக் காட்டிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கத்திற்கு இடமில்லை.

மருத்துவத் துறையிலிருந்து ஒரு நல்ல செய்தி

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தம், நீரிழிவு நோய்களுக்கான மாத்திரைகள் வீட்டுக்கே கொண்டுவரப்படுகின்றன. படுக்கையில் இருப்போருக்கு ஆதரவுச் சிகிச்சை, இயன்முறைப் பயிற்சி ஆகியனவும், வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்வோருக்குரிய நீர்மப் பைகளும் இத்திட்டத்தில் அடங்கும். 2024 இல் இதற்கு ஐக்கிய நாடுகள் அவையின் விருது கிடைத்தது.

ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு மாத்திரைக்காக வரிசையில் நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். வீடு திரும்பும் நோயரின் குடும்பத்தார், தங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவுசெய்ய இயலுமா என்று கேட்டறிவது நன்று. செய்தியாகப் படித்ததை உதவியாகப் பெறுவதற்கு அதுவே முதற்படி.

வார்டில் செய்து பார்க்க ஒரு பயிற்சி

முதலாவதாக, இரவில் செய்தி பார்ப்பதைக் குறைத்து, பகலில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நாளிதழிலிருந்து ஒரு நல்ல செய்தியைத் தெரிந்து நோயருக்கு உரக்கப் படியுங்கள். மூன்று கேள்விகளையும் அவரையே கேட்கச் சொல்லுங்கள். அவருடைய கருத்து வேறாயின் மறுத்துப் பேச வேண்டாம், கேட்டுக்கொள்ளுங்கள். நோயுற்றவரிடம் உலக நடப்பைப் பற்றிக் கருத்துக் கேட்பதே அவருக்கு ஒரு மதிப்பு.

இரண்டாவதாக, ஒரு சிறு குறிப்பேட்டில் அன்றைய நாளின் செய்தியை ஒரு வரியில் எழுதுங்கள். "நேற்று இரவு நான்கு மணி நேரம் உறங்கினார்." "பிடித்துக்கொண்டு கழிவறை வரை நடந்தார்." கெட்டதையும் எழுதுங்கள். "இன்று சாப்பிடவில்லை." மருத்துவர் சுற்று வரும்போது அக்குறிப்பு அவருக்கும் பயன்படும். பத்து நாள் கழித்துத் திருப்பிப் பார்த்தால், நாள்தோறும் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் தெரியவரும்.

மூன்றாவதாக, எந்த நல்ல செய்தியும் எட்டாத அளவு மனம் இருண்டிருந்தால் அதைக் குறையென எண்ண வேண்டாம். நோயருக்கும் உடனிருப்பவருக்கும் மனச்சோர்வு வருவது இயல்பு; அதற்கும் சிகிச்சை உண்டு. செவிலியரிடமோ மருத்துவரிடமோ சொல்லுங்கள். 2022 அக்டோபர் முதல் நாடெங்கும் இயங்கிவரும் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

எல்லா நோயும் முற்றிலும் குணமாகும் என்று இம்மடல் சொல்லாது. சில நோய்களோடு வாழப் பழக வேண்டியிருக்கும். சிலவற்றில் வலியின்றி இருப்பதே நாம் தேடும் நன்மையாகும். அந்த நிலையிலும் அடுத்துச் செய்யக்கூடியது ஒன்று இருக்கும். "எனக்குச் சரியாயிருமா?" என்ற கேள்விக்கு நேர்மையான விடை இதுவே: "முழுசாச் சொல்லத் தெரியாதுங்க. ஆனா இன்னைக்குச் செய்ய வேண்டியது இது. கூட நான் இருக்கேன்."

அறுபது ஆண்டுகள் காத்திருந்த குளங்களுக்கு நீர் வந்தது. அக்கோரிக்கையை முதலில் எழுப்பியவர்களில் பலர் அதைக் காணவில்லை. ஆயினும் அவர்கள் கேட்டதனால்தான் வந்தது. நோயருக்கு இன்று நாம் ஊட்டும் ஒரு கவளமும், வேளை தவறாமல் கொடுக்கும் ஒரு மாத்திரையும் அந்த வரிசையில் வைத்து எண்ணத்தக்கவை.