முதல்ல எதைத் தூக்குவீங்க?

நண்பர்களே, ஒரு கணக்கோட ஆரம்பிக்கலாம். ராத்திரி ரெண்டு மணி. ஒரு சின்ன அருங்காட்சியகத்துக்குள்ள மழைத்தண்ணி ஏறிக்கிட்டு இருக்கு. உள்ளே ஒரு நடுகல், ஒரு வெண்கலச் சிலை, ஒரு கட்டு ஓலைச்சுவடி, ஆபீஸ் மேசை மேல ஒரு தடிமனான பதிவேடு. உங்ககிட்ட இருக்கிறது அரை மணி நேரம். துணைக்கு வாட்ச்மேன் அண்ணன் ஒருத்தர்தான். முதல்ல எதைத் தூக்குவீங்க?

பலரும் சிலைன்னுதான் சொல்லுவோம். ஆனா முதல்ல தூக்க வேண்டியது பதிவேடு. எந்தப் பொருள், எந்த ஊரில், எப்போ கிடைச்சது என்கிற விவரமெல்லாம் அதுலதான் இருக்கு. அது போச்சுன்னா, எழுத்தில்லாத ஒரு நடுகல் ஊரும் பேரும் இல்லாத வெறும் கல்லாயிடும். அடுத்து ஓலை, காகிதம், துணி. அப்புறம் மரம், உலோகம். கல் கடைசி. ரெண்டு நாள் தண்ணியில கிடந்தாலும் அது பெரும்பாலும் தாங்கிக்கும். இந்த வரிசையைத் தண்ணி ஏறும்போது யோசிக்க முடியாது. வெயில் காயுற நாள்லயே எழுதி வைக்கணும்.

"வெள்ளமெல்லாம் கடலோரத்துக்குத்தானே, நமக்கென்ன?" 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது புதுச்சேரி பக்கம். ஆனா அடுத்த ரெண்டு நாள்ல ஏற்காட்டில் மழை கொட்டி, மலைப்பாதையில மண் சரிஞ்சது. சேர்வராயன் மலையில பிறக்கிற திருமணிமுத்தாறு சேலம் நகருக்குள்ள புகுந்துதான் நாமக்கல் மாவட்டத்துக்குப் போகுது. சேலத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கு. நாமக்கல்லில் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையின் நினைவு இல்லம் இருக்கு.

தீ இன்னும் வேகம். 2016 ஏப்ரல் 26 அன்று டெல்லியில் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் எரிஞ்சது. 2018 செப்டம்பர் 2 அன்று பிரேசிலின் ரியோ நகரில் 200 வருஷப் பழமையான தேசிய அருங்காட்சியகம் எரிஞ்சப்போ, பக்கத்துல இருந்த தீயணைப்புக் குழாய்களில் தண்ணி இல்லை. லாரியில கொண்டு வர வேண்டியதாச்சு. குழாய் இருந்தா போதாது, அதைத் திறந்து பார்த்து எத்தனை நாளாச்சுன்னும் கேட்கணும். இன்னொரு விஷயம்: தீயணைக்கும் உலர்தூள் ஈரத்தோட வெண்கலத்து மேல படிஞ்சு கிடந்தா உலோகத்தை அரிக்கும். தீ அணைஞ்சதும் நிபுணரைக் கூப்பிட்டுத் துடைக்கணும்.

நனைஞ்ச காகிதத்துக்குக் கெடு ஏறக்குறைய 48 மணி நேரம். அதுக்கப்புறம் பூஞ்சை பிடிச்சிடும். நம்ம ஊர் வெக்கையில இன்னும் சீக்கிரம். ஆயிரம் புத்தகம் நனைஞ்சா ரெண்டு நாள்ல காய வைக்க முடியுமா? முடியாது. அதனாலதான் உறைய வைக்கிறாங்க. 1972-ல் அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகம் வெள்ளத்தில் மூழ்கினப்போ, நனைஞ்ச நூல்களை உறைய வச்சுட்டு, பிறகு நிதானமா உலர்த்தினாங்க. இங்கே ஒரு எச்சரிக்கை: நம்ம பக்கம் புளியும் மிளகாயும் வைக்கிற குளிர்பதனக் கிடங்கு பூஞ்சையைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். உறைய வைக்க ஐஸ்கிரீம், மீன் வைக்கிற மாதிரி மைனஸ் 18 டிகிரி அளவு வேணும். கண்ணாடி நெகட்டிவ், வண்ணம் பூசின மரம் இதையெல்லாம் உள்ளே வைக்கவே கூடாது. ஓலையை வெயில்ல போடாதீங்க, சுருண்டு வெடிச்சிடும். நிழல், மின்விசிறி போதும்.

இதுல மாணவருக்கு என்ன வேலைன்னு தோணுதா? 1966 நவம்பர் 4 அன்று இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரை ஆர்னோ ஆறு மூழ்கடிச்சப்போ, சேத்துக்குள்ள வரிசையா நின்னு புத்தகங்களைக் கைமாத்திக் கைமாத்தி வெளியே கொண்டு வந்தவங்கள்ல பெரும்பாலானோர் நம்ம வயசுப் பிள்ளைங்கதான். 'சேற்றுத் தேவதைகள்'னு ஊரே கூப்பிட்டுச்சு.

நமக்குச் சேறு வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. காப்பாட்சியர்கிட்ட அனுமதி வாங்கி, பதிவேட்டை ஸ்கேன் பண்ணி, ஒரு நகலை வேற ஊர்ல வைக்க உதவலாம். ஈசிஇ நண்பர்களுக்குத் தரைமட்டத்துல ஒரு தண்ணி சென்சார் வச்சு போனுக்கு அலாரம் அனுப்புறது ஒரு வார வேலை. சிவில்காரங்க கூரை வடிகாலைப் பார்க்கலாம். எந்த அறையில எது முதல்ல, மெயின் சுவிட்ச் எங்கே, உறைய வைக்கிற கிடங்கு யாருடையது, அவரோட நம்பர் என்ன, இதையெல்லாம் ஒரே பக்கத்துல எழுதி லேமினேட் பண்ணுங்க. அதைப் பீரோவுக்குள்ள பூட்டாதீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அங்கே இருக்கப்போறவர் வாட்ச்மேன் அண்ணன். அவர் நாற்காலிக்குப் பின்னாடி மாட்டுங்க.