கெட்ட காற்றா? கொசுவா?

திடீரென்று உடம்பு குளிரில் நடுங்குகிறது. இரண்டு கம்பளி போர்த்தினாலும் நடுக்கம் நிற்பதில்லை. பிறகு உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிறது. அப்புறம் வியர்த்துக் கொட்டுகிறது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று நினைக்கிறோம். ஒரு நாள் விட்டு மறுபடியும் வருகிறது.

நம் பெரியவர்கள் இதற்கு முறைக்காய்ச்சல் என்று பெயர் வைத்தார்கள். முறை வைத்து வருவதால் அந்தப் பெயர். மருத்துவமனையில் இதை மலேரியா என்கிறார்கள்.

மலேரியா என்ற சொல் எங்கிருந்து வந்தது? மலையில் வருவதால் மலேரியாவா? இல்லை. இது இத்தாலி நாட்டுச் சொல். அந்த நாட்டு மொழியில் 'மாலா' என்றால் கெட்ட என்று பொருள். 'ஆரியா' என்றால் காற்று. இரண்டும் சேர்ந்து மலேரியா ஆயிற்று. கெட்ட காற்று என்பதே அதன் பொருள்.

இத்தாலியில் ரோம் நகரைச் சுற்றிச் சதுப்பு நிலங்கள் இருந்தன. அங்கே தேங்கிய நீர் நாறியது. அந்தப் பக்கம் வாழ்ந்தவர்களுக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தது. நாற்றக் காற்றைச் சுவாசிப்பதால்தான் காய்ச்சல் வருகிறது என்று மக்கள் நம்பினார்கள். இரவுக் காற்றுக்குப் பயந்து சன்னலை மூடினார்கள். முதலில் மலேரியா என்பது அந்தக் காற்றின் பெயராக இருந்தது. பிறகு நோயின் பெயராக மாறியது.

நம் ஊரிலும் இப்படி ஒரு பேச்சு உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், "காத்து கருப்பு பட்டிருக்கும்" என்பார்கள். மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். அதற்குள் நோய் முற்றிவிடும். உயிரும் போய்விடலாம்.

உண்மையான காரணம் மெல்ல மெல்லத் தெரிய வந்தது. 1880-ல் லாவரான் என்ற பிரெஞ்சு மருத்துவர் நோயாளியின் இரத்தத்தைச் சோதித்தார். அதில் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணிக் கிருமியைக் கண்டார். நோய்க்குக் காரணம் இந்தக் கிருமிதான். ஆனால் அது உடம்புக்குள் எப்படி நுழைகிறது? கொசுவுக்கு இதில் பங்கு இருக்குமோ என்று சிலர் ஐயப்பட்டார்கள்.

அதற்கு விடை ஐதராபாத் பக்கத்தில் கிடைத்தது. ரொனால்டு ராஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் செகந்திராபாத்தில் வேலை பார்த்தார். இவர் இந்தியாவில் அல்மோராவில் பிறந்தவர். 1895-ல் கொசுக்களை அறுத்துப் பார்க்கத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகள் ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் பார்த்தவை வேறு இனக் கொசுக்கள்.

கோடையில் விசிறியும் போட முடியாது. போட்டால் கொசுக்கள் பறந்துவிடும். வழிந்த வியர்வையில் நுண்ணோக்கியின் திருகாணிகள் துருப்பிடித்தன.

ஹுசேன் கான் என்ற மலேரியா நோயாளி அவருக்கு உதவினார். கொசுக்கள் தன்னைக் கடிக்கச் சம்மதித்தார். ஒரு கொசுவுக்கு ஓர் அணா கூலி. அப்படிக் கடித்த கொசு ஒன்றை ராஸ் நான்கு நாள் கழித்து அறுத்தார். அன்று 1897 ஆகஸ்டு 20. கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமி வளர்வதைக் கண்டார்.

அடுத்த ஆண்டு கல்கத்தாவில் பறவைகளை வைத்துச் சோதித்தார். கொசுக்கடி வழியாகவே கிருமி பரவுகிறது என்று காட்டினார். மனிதர்களுக்கு அனாபிலிஸ் கொசு பரப்புகிறது என்று இத்தாலிய அறிஞர்கள் நிரூபித்தார்கள். ராஸுக்கு 1902-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஹுசேன் கானுக்குக் கிடைத்தது சில அணாக்கள்தான். அவர் உதவியதை நாம் மறக்கக் கூடாது. ஆகஸ்டு 20-ஐ இன்று உலகக் கொசு நாளாக நினைவுகூர்கிறார்கள்.

மலேரியா என்ற சொல் மாறவில்லை. அதன் பொருள் மாறிவிட்டது. இன்று அது காற்றைக் குறிப்பதில்லை. கொசு பரப்பும் நோயைக் குறிக்கிறது. நம் பெரியவர்கள் வைத்த பெயரும் சரியானதே. கிருமிகள் இரத்த அணுக்களுக்குள் வளர்ந்து, ஒரே சமயத்தில் வெடித்து வெளியே வருகின்றன. அப்போதெல்லாம் காய்ச்சல் வருகிறது. அதனால்தான் அது முறை வைத்து வருகிறது.

காரணம் தெரிந்தால் செய்ய வேண்டிய வேலையும் தெரியும். காற்று காரணம் என்றால் சன்னலை மூடுவோம். கொசு காரணம் என்றால் தண்ணீர்த் தொட்டியை மூடுவோம். இந்தக் கொசு நல்ல தண்ணீரிலும் முட்டையிடும். ஆகவே கிணற்றையும் மேல்தொட்டியையும் மூடி வைக்க வேண்டும். பாத்திரங்களை வாரம் ஒரு முறை காலி செய்து, தேய்த்துக் காயவைக்க வேண்டும். இரவில் கொசுவலைக்குள் படுக்க வேண்டும்.

குளிர்காய்ச்சல் வந்தால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் சோதிக்க வேண்டும். மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது. இலங்கை மக்கள் மலேரியாவை ஒழித்துவிட்டார்கள். 2016-ல் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்று கொடுத்தது. நம்மாலும் முடியும்.

புதிய சொற்கள்
ஒட்டுண்ணி: வேறு ஓர் உயிரை ஒட்டி, அதை உண்டு வாழும் உயிர்
நுண்ணோக்கி: மிகச் சிறிய பொருளைப் பெரிதாகக் காட்டும் கருவி

பேசிப் பார்ப்போம்
1. மலேரியா என்ற சொல்லின் முதல் பொருள் என்ன?
2. "காத்து கருப்பு" என்று யாராவது சொன்னால் நாம் என்ன பதில் சொல்வோம்?
3. நம் தெருவில் எங்கெல்லாம் தண்ணீர் தேங்குகிறது?