அத்திப்பட்டுச் சாம்பலும் அறிவியல் கண்காட்சியும்

கேள்வி: அறிவியல் கண்காட்சிகளில் ஆண்டுதோறும் எரிமலை மாதிரியையே காணமுடிகிறதே, அத்திப்பட்டு மாணவர்களுக்கு ஏற்ற ஆய்வுப்பொருள் எது?

பதில்: நிலக்கரிச் சாம்பலே. 1993 முதல் நடைபெற்றுவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, 10 முதல் 17 வயது வரையிலானோர் தம் வட்டாரச் சிக்கலொன்றைக் குழுவாக ஆராய்ந்து முன்வைக்கக் கோருகிறது. அதற்கு, வடசென்னை அனல்மின் நிலையம் அமைந்த இவ்வூரைவிடப் பொருத்தமான களம் அரிது. இந்திய நிலக்கரியில் எரியாத கனிமப்பகுதி பெரும்பாலும் 30 முதல் 40 விழுக்காடு வரை இருப்பதால் சாம்பல் மிகுதியாக உண்டாகிறது. அதன் நுண்துகள்கள் புகைபோக்கியை அடையுமுன், நிலைமின் வடிப்பான் என்னும் கருவி உயர் மின்னழுத்தத்தால் அவற்றுக்கு மின்னூட்டம் அளித்து, உலோகத் தகடுகளை நோக்கி இழுத்து ஒட்டச்செய்கிறது. கம்பளியில் தேய்த்த பிவிசி குழாயால் உலர்ந்த சாம்பலை ஈர்த்துக்காட்டினாலே இவ்விதி விளங்கிவிடும் (உயர் மின்னழுத்தத்தைக் கையாளுவது பள்ளி மாணவர் வேலையன்று). நீருடன் கலந்து குழாய்வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்பப்படும் சாம்பல், வழியில் கசிந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்திருப்பது இதன் சுற்றுச்சூழல் பக்கமாகும். ஆற்றின் வெவ்வேறு இடங்களில் ஆசிரியர் துணையோடு எடுத்த நீரை ஒரே அளவுள்ள கண்ணாடிக் குடுவைகளில் வைத்து, அடியில் படியும் வண்டலின் உயரத்தை அளந்து ஒப்பிடலாம். வண்ணத்தாள் ஒட்டிய மாதிரியைவிட அந்த அளவீட்டு அட்டவணைக்கே மதிப்பெண் தரப்பட வேண்டும்.