ஒரு நாள் உல்லாசம், நூறு நாள் கடனா?
குடும்பச் சுற்றுலாவுக்குத் திட்டமிட்டுச் சேமிப்போம்



இந்த மாதப் பாடம் கொஞ்சம் வித்தியாசமானது. கறவை மாடு, தையல் மிஷின், பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரிச் செலவு என்று எத்தனையோ தேவைகளுக்குச் சேமிப்பதைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். பிள்ளைகளோடு ஒரு நாள் சந்தோஷமாக இருப்பதற்கு எப்படிச் சேமிப்பது என்று இதுவரை படித்ததில்லை. ஆனால் முழுப் பரீட்சை முடிந்ததும் அஸ்தம்பட்டி வீடுகளில் கேட்கிற பேச்சு இதுதானே? "அம்மா, பிளாக் தண்டர் போலாம்மா." "எங்க கிளாஸ்ல பாதிப் பேரு போய்ட்டு வந்துட்டாங்க, நாம எப்பம்மா போறது?"

இதைக் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேச்சுக்கு எடுத்தபோது நாமே இரண்டாகப் பிரிந்துவிட்டோம். "வயித்தைக் கட்டி சேத்த காசு, சறுக்கு விளையாடவா சேத்தோம்?" என்று மூத்த உறுப்பினர்கள் கேட்டார்கள். அவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு. 1989ல் தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் குழுத் திட்டம் தொடங்கி, 1991-92ல் நம் சேலத்துக்கும் வந்தபோது, அரிசிக்கும் மருந்துக்கும் கந்துவட்டிக்காரரிடம் போகாமல் இருக்கத்தான் பெண்கள் ஐந்தும் பத்துமாகப் போட்டார்கள். "வருஷம் பூரா உழைக்கிறோம், ஒரு நாள் சிரிச்சா என்ன தப்பு?" என்றார்கள் இளையவர்கள். அதுவும் நியாயம்தான்.

கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்டது ஒன்று. போவது தப்பில்லை. கடன் வாங்கிப் போவதுதான் தப்பு. அதற்கான கணக்கை இனிப் பார்ப்போம்.

1. முதலில் முழுச் செலவையும் எழுதுங்கள்

நமக்குப் போய் வரும் தூரத்தில் பல பூங்காக்கள் இருக்கின்றன. மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரோட்டில் பிளாக் தண்டர். கோவையில் கோவை கொண்டாட்டம். பெங்களூருவைத் தாண்டி மைசூர் ரோட்டில், பிடதி அருகே 2005ல் தொடங்கிய வொண்டர்லா. சென்னைப் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எம்.ஜி.எம்., வி.ஜி.பி. பூங்காக்கள். 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே வொண்டர்லாவும் வந்துவிட்டது.

எங்கே போவதானாலும் நம்மில் பலர் செய்கிற தவறு, டிக்கெட் விலையை மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்புவது. அப்பா, அம்மா, எட்டாவது படிக்கும் பெண், மூன்றாவது படிக்கும் பையன் என்று ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவர் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை, மனைவி தையல். கீழே உள்ளது பாடத்துக்கான மாதிரிக் கணக்குதான். விலை அடிக்கடி மாறும். போகுமுன் போன் செய்து கேட்டு உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள்.

நுழைவுக் கட்டணம்: 3,800 ரூபாய்
ரயில், பஸ் போக வர: 1,600 ரூபாய்
சாப்பாடு, டீ, தண்ணீர்: 1,400 ரூபாய்
நீச்சல் உடை, லாக்கர்: 500 ரூபாய்
ஆட்டோ, டவுன் பஸ்: 300 ரூபாய்
அவசரத்துக்குக் கையில்: 400 ரூபாய்
இரண்டு பேரின் இரண்டு நாள் வருமானம் இழப்பு: 2,000 ரூபாய்
மொத்தம்: 10,000 ரூபாய்

பார்த்தீர்களா? டிக்கெட் 3,800 தான். மொத்தச் செலவில் பாதிகூட இல்லை. "நாலாயிரம் இருந்தா போதும்" என்று கிளம்புகிறவர்தான் வழியில் பக்கத்து வீட்டுக்கு போன் போட்டுப் பணம் கேட்க வேண்டி வருகிறது.

கடைசி வரியைக் கவனியுங்கள். மாதச் சம்பளக்காரருக்கு லீவு போட்டாலும் சம்பளம் வரும். தறிக்கும் பட்டறைக்கும் போகிற நமக்கு, போன நாளும் போச்சு, அசதியில் படுத்த மறுநாளும் போச்சு. யாரும் கேட்டு வாங்காத செலவு என்பதால் அதை எழுதாமல் விட்டுவிடுகிறோம். அடுத்த வாரம் மளிகைக்கடையில் கடன் சொல்லும்போதுதான் தெரிகிறது.

விலை கேட்கும்போது இதையும் கேளுங்கள்:
- குழந்தைக்கு வயதுக் கணக்கா, உயரக் கணக்கா? பல பூங்காக்களில் உயரம்தான் பார்க்கிறார்கள். உயரமான பிள்ளைக்குப் பெரியவர் கட்டணம் ஆகிவிடும்.
- வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி உண்டா? பெரும்பாலும் இல்லை. கட்டிக்கொண்டு போகும் புளிசாதத்தைப் பயணத்தில் சாப்பிட்டுவிடுங்கள்.
- தண்ணீர் விளையாட்டுக்கு எந்த உடை வேண்டும்? சேலை, பருத்தித் துணியோடு பல இடங்களில் விட மாட்டார்கள்.
- பள்ளி அடையாள அட்டைக்கும், கும்பலாகப் போனால் மொத்த டிக்கெட்டுக்கும் சலுகை உண்டா?
- ஞாயிறு, விடுமுறை நாளில் கட்டணம் கூடுதலா? ஞாயிறு போனால் ஒரு நாள் கூலி மிச்சம். ஆனால் டிக்கெட் கூடலாம், கூட்டமும் இருக்கும். எது லாபம் என்று இரண்டையும் எழுதிப் பாருங்கள்.

மேட்டுப்பாளையம் போகிறவர்களுக்கு ஒரு வழி. சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் நள்ளிரவுக்குப் பின் சேலம் வந்து, காலையில் மேட்டுப்பாளையம் சேர்கிறது. திரும்பும் வண்டி இரவில் கிளம்புகிறது. ரூம் வாடகை மிச்சம். கோடை விடுமுறையில் முன்பதிவு சீக்கிரம் முடிந்துவிடும், தேதியை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

2. வாரம் 250 ரூபாய்

பள்ளி திறக்கிற ஜூன் இரண்டாம் வாரத்தில் தொடங்கினால் மார்ச் கடைசி வரை 42 வாரம் இருக்கிறது. ஆடி நோன்புக்கு ஒரு வாரம், தீபாவளிக்கு ஒரு வாரம் விட்டுவிடுவோம். மீதி 40 வாரம். வாரம் 250 ரூபாய் வீதம் 40 வாரத்தில் 10,000 ரூபாய்.

இதே தொகையைக் கடன் வாங்கினால் என்ன ஆகும்?

தினத் தண்டலில் 10,000 ரூபாய் என்று எழுதி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தான் கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வந்த பணம் நம் செலவுக்கே போதாது. இன்னும் 1,500க்கு வேறு இடம் தேட வேண்டும். "1,500 தானே வட்டி" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறோம். அதைச் சேர்த்துப் பார்த்தால் வருடத்துக்கு ஏறக்குறைய நூற்றுக்கு 120 வட்டி. சறுக்கு விளையாடியது ஒரு நாள், கட்டுவது நூறு நாள்! தமிழ்நாட்டில் 2003லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் நாம் தேடிப் போனால் சட்டம் என்ன செய்யும்?

சரி, குழுவில் உள்கடன் வாங்கலாமே? மாதம் 2 ரூபாய் வட்டியில், மாதம் 1,000 அசல் கட்டிப் பத்து மாதத்தில் முடித்தால் வட்டி மொத்தம் 1,100 ரூபாய். தண்டலுக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் இதில் வேறு சிக்கல் இருக்கிறது. சுற்றுலாவுக்குக் கடன் கேட்பது ஏப்ரல், மே மாதத்தில். அடுத்து வருவது ஜூன். பள்ளிக் கட்டணம், நோட்டு, ஷூ என்று எல்லோரும் கடனுக்கு நிற்கிற மாதம் அது. குழுவின் பணம் நான்கு குடும்பத்தின் சுற்றுலாவுக்குப் போய்விட்டால், ஐந்தாவது வீட்டுப் பெண் பிள்ளையின் பீஸுக்கு மறுபடி வெளியே வட்டிக்கு ஓட வேண்டும். அதனால் சுற்றுலாவுக்கு உள்கடன் வேண்டாம், சேமிப்பு மட்டும் என்று குழுவில் தீர்மானம் எழுதுவது நல்லது.

3. பணத்தை எங்கே வைப்பது?

- குழுவில் விருப்பச் சேமிப்பாகப் போடலாம். சந்தாவோடு கலக்காமல் லெட்ஜரிலும் தனிநபர் பாஸ்புத்தகத்திலும் தனிக் காலம் போட்டு எழுத வேண்டும். பணம் அந்த வாரமே வங்கிக்குப் போக வேண்டும். ஊக்குநர் வீட்டு பீரோவில் இருக்கக் கூடாது.
- வங்கியில் உங்கள் பெயரிலேயே ஒரு வருட ஆர்டி போடலாம். தபால் நிலைய ஆர்டி மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம், ஆனால் அது ஐந்து வருடக் கணக்கு. பெண்ணின் படிப்புக்கு ஏற்றது, அடுத்த கோடைக்கு ஏற்றதல்ல.
- "டூர் சீட்டு போடுங்க, மாசம் ஆயிரம், கூடவே ஒரு குடம் இலவசம்" என்று வருகிறவர்களிடம் ஏமாறாதீர்கள். சீட்டு நடத்த 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், சீட்டுப் பதிவாளர் அலுவலகத்தில் சரிபாருங்கள். 2012ல் ஈமு கோழித் திட்டத்தில் நம் கொங்குப் பகுதிக் குடும்பங்கள் பணத்தைத் தொலைத்ததை மறந்துவிடக் கூடாது.

4. 250 ரூபாய் எங்கிருந்து வரும்?

ஒரு மாதம் செலவு நோட்டு எழுதுங்கள். டீக்கடை, பாக்கெட் தீனி, தேவையில்லாத ரீசார்ஜ், அவசரத்தில் ஏறிய ஆட்டோ எல்லாம் அதில் வெளிச்சத்துக்கு வந்துவிடும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்சில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021ல் வந்தது. அதனால் மிச்சமான பஸ் காசு எங்கே போனது என்று யோசித்திருக்கிறோமா?

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பால், முட்டை, மருந்தில் கை வைக்காதீர்கள். குறிப்பாக உங்கள் தட்டில் கை வைக்காதீர்கள். சிக்கனம் என்றால் முதலில் தன் சாப்பாட்டைக் குறைப்பது நம் பழக்கமாகிவிட்டது. ரத்தசோகையை வாங்கிக்கொண்டு சுற்றுலா போக வேண்டியதில்லை.

சேமிப்பு அம்மாவின் வேலை மட்டும் அல்ல. வீட்டில் ஒரு கூட்டம் போடுங்கள். செலவுப் பட்டியலைப் பிள்ளைகளிடமே எழுதச் சொல்லுங்கள். அப்பா வாரம் 100, அம்மா 100, பிள்ளைகள் தீனிக் காசில் 50 என்று பங்கு போடலாம். விலை தெரிந்த பிள்ளை அங்கே போய் அடம் பிடிக்காது.

இது ஒன்றும் புதிதல்ல. நூறு வருடத்துக்கு முன்பே இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதி நூல் மில் தொழிலாளிகள் இப்படித்தான் செய்தார்கள். வருடத்தில் ஒரு வாரம் ஊரே மில்லை மூடும். அந்த வாரத்துக்குக் கூலி கிடையாது. சம்பளத்தோடு விடுமுறை பற்றி அங்கே சட்டம் வந்தது 1938ல்தான். அதனால் தெருவிலும் மில்லிலும் சேமிப்புக் குழு வைத்து, வாராவாரம் சில்லறை போட்டு, அந்தப் பணத்தில் பிளாக்பூல் கடற்கரைக்கும் அங்கிருந்த உல்லாசப் பூங்காவுக்கும் போனார்கள். கூலி இல்லாத வாரத்தையும் சேர்த்துத்தான் சேமித்தார்கள். நம் தறிக்காரர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

5. யார் போவது? யார் பையைப் பார்த்துக்கொள்வது?

செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் முதலில் யாருடைய டிக்கெட் போகிறது என்று கவனியுங்கள். "பெரியவ வயசுக்கு வந்துட்டா, அவ பாட்டி கூட இருக்கட்டும்." "நான் எதுக்கு, நீங்க போய்ட்டு வாங்க." இரண்டும் பெண்கள்தான். இன்னும் சில வீடுகளில் அம்மாவும் போகிறாள், முழு டிக்கெட்டும் எடுக்கிறாள். ஆனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை மரத்தடியில் உட்கார்ந்து எல்லோருடைய பையையும் செருப்பையும் பார்த்துக்கொள்கிறாள். லாக்கர் வாடகை மிச்சமாம்!

ஆயிரம் ரூபாய் டிக்கெட்டை வீணாக்கி லாக்கர் வாடகையை மிச்சம் பிடிப்பது எந்த ஊர்க் கணக்கு? நம் பட்டியலில் லாக்கரும் உடையும் தனி வரியாக இருப்பது இதற்காகத்தான். அந்த 500 ரூபாய் அம்மாவும் பெண்ணும் தண்ணீரில் இறங்குவதற்கான பணம். அதை வெட்டாதீர்கள்.

6. பணம் சேராவிட்டால்?

ஒரு வருடம் காய்ச்சல் வரும், தறி நிற்கும், கல்யாணம் வரும். மார்ச்சில் 4,000 தான் சேர்ந்திருக்கிறதா? மீதிக்குக் கடன் வாங்காதீர்கள். அஸ்தம்பட்டி ரவுண்டானாவிலிருந்து ஏற்காடு ரோடு பிடித்தால் அடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா, மேலே போனால் ஏற்காடு ஏரி. இந்தப் பக்கம் 1934ல் கட்டி முடித்த மேட்டூர் அணையும் பூங்காவும். சேர்ந்த பணத்தில் பாதியிலேயே போய் வரலாம். மீதி அடுத்த வருடக் கணக்கின் முதல் தொகை.

நாலைந்து குடும்பம் சேர்ந்து போவதானால் வேன் பேசலாம். பெர்மிட்டும் இன்சூரன்ஸும் உள்ள வண்டிதானா என்று பாருங்கள். வாடகை குறைவு என்று சரக்கு வண்டியில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

குழுக் கூட்டத்தில் விவாதிக்க

1. சுற்றுலா, திருவிழாவுக்கு உள்கடன் கொடுப்பதா வேண்டாமா? ஜூன் மாதக் கடன் தேவையைக் கணக்கிட்டு முடிவு செய்து தீர்மான நோட்டில் எழுதுங்கள்.
2. விருப்பச் சேமிப்பு தொடங்க எத்தனை உறுப்பினர்கள் தயார்? வாரம் எவ்வளவு?
3. சென்ற முறை குடும்பத்தோடு வெளியே போனபோது உங்களுக்கு எவ்வளவு செலவானது? கூலி இழப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள்.
4. அன்று நீங்கள் விளையாடினீர்களா, பையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களா?

நான்காவது கேள்விக்கு ஒவ்வொருவரும் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். அதன்பிறகு சேமிப்புப் பட்டியலை எழுதத் தொடங்குங்கள்.