பன்றி எரு: பயம் வேண்டாம், பக்குவம் வேண்டும்

'அந்தத் தோட்டத்துக் கீரையா? வேணாம்மா, பன்னிச் சாணி போட்டு வளர்க்கறாங்க!' என்று முகம் சுளிக்கிறவரா நீங்கள்? உங்கள் பயத்தில் பாதி நியாயமானது, மீதி தேவையில்லாதது. நாலைந்து வெண்பன்றி வளர்த்து, அந்த எருவைத் தோட்டத்துக்குப் போட நினைப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

தேவையில்லாத பயம்

மூளைக்குப் போய் வலிப்பை உண்டாக்கும் நாடாப்புழுவின் முட்டை பன்றிச் சாணத்தில் இருப்பதில்லை. வயிற்றில் அந்தப் புழு உள்ள மனிதரின் மலத்தில்தான் இருக்கிறது. அந்த மலத்தைத் தின்னும் பன்றியின் தசையில் புழுக்கூடுகள் உண்டாகின்றன. அதே முட்டை அழுக்குக் கை, தண்ணீர், காய்கறி வழியாக நமக்குள் போனால்தான் மூளைக்கு ஆபத்து. எனவே பன்றியைக் கொட்டிலில் அடைத்துத் தீவனம் போடுங்கள். வேலையாட்களுக்குக் கழிப்பறை கட்டிக் கொடுங்கள்.

நியாயமான பயம்

பன்றிக் குடலில் உள்ள உருண்டைப்புழு மனிதரையும் தொற்றும். அதன் முட்டை மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சால்மோனெல்லா கிருமியும் எருவில் இருக்கலாம். ஆகவே பச்சை எருவை அப்படியே கீரைப் பாத்தியில் கொட்டாதீர்கள்.

பக்குவம் செய்வது எப்படி?

1. பன்றி எருவில் தழைச்சத்து அதிகம். தனியாகக் குவித்தால் நாறும். ஒரு கூடை எருவுக்கு இரண்டு, மூன்று கூடை வைக்கோல் அல்லது காய்ந்த சருகு கலந்து நாலடி உயரத்துக்குக் குவியுங்கள்.

2. கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும். தண்ணீர் ஒழுகக் கூடாது.

3. குவியலுக்குள் 55 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூடு 15 நாள் நீடிக்க வேண்டும். அதற்குள் ஐந்து தடவை புரட்டி, வெளிப்பக்கம் இருப்பதை உள்ளே தள்ளுங்கள். புழு முட்டையைக் கொல்வது இந்தச் சூடுதான். நீளமான வெப்பமானி ஒன்று வாங்கிச் செருகிப் பாருங்கள்.

4. பிறகு இரண்டு, மூன்று மாதம் ஆறப் போடுங்கள். நாற்றம் போய் மண் வாசனை வந்தால் உரம் தயார்.

குவியல் கிணற்றை விட்டுத் தள்ளியே இருக்கட்டும். மேலே கூரை போடுங்கள். மழையில் கரைந்து ஓடினால் சத்தும் போச்சு, குடிநீரும் கெட்டுப் போச்சு!

ஒரு எச்சரிக்கை

கொட்டில் கழுவிய தண்ணீர் தேங்கும் மூடிய குழிக்குள் யாரையும் இறக்காதீர்கள். அதில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் அழுகின முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும். 'நாத்தம் போயிடுச்சே' என்று இறங்குகிறவர் மட்டுமல்ல, அவரைக் காப்பாற்றக் குதிப்பவரும் உயிர் இழக்க நேரிடும்.

உரம் எவ்வளவு பக்குவமானதாக இருந்தாலும் உங்கள் வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. கீரையை நன்றாக அலசி வேகவையுங்கள். கொத்தமல்லி, கேரட் என்று பச்சையாகச் சாப்பிடுவதை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் தைரியமாகக் குழந்தைக்குக் கொடுக்கலாம்.